விளையாட்டுப் பெட்டியும் வீட்டுக் கூடமும்



கடைக்குச் சென்று ஒரு பொருளைக் கேட்கிறோம். கடைக்காரர் அதனோடு நாம் கேளாத வேறொரு பொருளையும் சேர்த்துக் கட்டி, இரண்டுக்குமாக ஒரே விலை சொல்லுகிறார். தனியே தருவதில்லை என்கிறார். இதனைக் கொடை என்று மகிழ்வதா, கட்டாயம் என்று வருந்துவதா? பொருள் வீடு வந்து சேர்ந்து, அது யாருக்குப் பயன்பட்டது, யாருக்குச் சுமையாயிற்று என்று கண்ட பின்னரே இதற்கு விடை கூற இயலும்.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய ஒரு வாணிபத்தின் வரலாறு. வீடியோ விளையாட்டுப் பெட்டிகளோடு, உடலின் அசைவை அறியும் கருவிகளையும் விரலின் தொடுகையை அறியும் கருவிகளையும் கட்டி விற்ற வரலாறு அது. விளையாட்டுப் பொருளைக் குறித்துக் குடும்ப இதழில் இத்துணை நீளமாக எழுத வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அப்பெட்டி வைக்கப்படும் இடம் வீட்டின் கூடம். குடும்பத்தார் மாலையில் ஒன்றுகூடும் இடம். அங்கே எது நுழைகிறது, அது நம்மைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா, நம்மை உற்றுப் பார்க்கிறதா என்பன பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்திகளே அன்றோ?

விதை முந்தியா, மரம் முந்தியா?

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டியைக் கன்சோல் என்பர். நெடுங்காலம் அதனை இயக்கியது பொத்தான்கள் பதித்த கைப்பிடி ஒன்றே. புதிய கருவி ஒன்றைச் செய்து தனியே விற்க முனைந்தோர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டனர். கருவியை வாங்கியவர் சிலரேயாயின், அதற்கென விளையாட்டு எழுத எவரும் முன்வாரார். விளையாட்டுகள் இல்லையெனின், கருவியை வாங்க எவரும் முன்வாரார். விதை முந்தியா, மரம் முந்தியா என்னும் பழைய வினாவே இங்கும் எழுகிறது.

1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம், நின்டெண்டோ பெட்டிக்கென 'பவர் கிளவ்' என்னும் கையுறையைத் தனியே விற்றது. கையை அசைத்தால் திரையில் உருவம் அசையும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அதற்கெனவே எழுதப்பட்டு வெளிவந்தவை இரண்டே விளையாட்டுகள். கையுறை விரைவில் மறக்கப்பட்டது.

ஆகவேதான் நிறுவனங்கள் கட்டி விற்பதை நாடின. பெட்டி வாங்கும் ஒவ்வொருவரிடமும் கருவி இருக்கும் என்னும் உறுதி கிடைத்துவிட்டால், விளையாட்டு எழுதுவோர் துணிந்து எழுதுவர். இது நேர்மையான காரணமே. ஆயினும் அந்த உறுதிக்கு உரிய விலையைக் கொடுப்பவர் வாங்குபவர். கருவி அவருக்குப் பயன்படாவிடினும் அவர் கொடுத்தே ஆகவேண்டும். இந்த இரு உண்மைகளையும் ஒருசேர மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

கைப்பிடியே மட்டையான கதை

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889இல் சீட்டுக் கட்டுகள் செய்யும் தொழிலாகத் தொடங்கியது நின்டெண்டோ. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சரிவைக் கண்டிருந்தது. 2001இல் அது வெளியிட்ட 'கேம்கியூப்' என்னும் பெட்டி உலகெங்கும் 2 கோடியே 17 லட்சம் மட்டுமே விற்றது. அப்போதைய தலைவர் சத்தோரு இவாத்தா, ஏற்கெனவே விளையாடுவோரைப் போட்டியாளரிடமிருந்து பறிப்பதைவிட, ஒருபோதும் விளையாடாதவரை அழைப்பதே வழி என்று கருதினார். பொத்தான்களைக் கண்டு அஞ்சும் தாயும் பாட்டனாரும் கூடச் சேர வேண்டுமெனில், அவர்கள் அறிந்த அசைவே கருவியாக வேண்டும்.

அவ்வெண்ணத்தில் பிறந்தது 'வீ' என்னும் பெட்டி. 2006 நவம்பர் 19ஆம் நாள் அமெரிக்காவில் ஏறக்குறைய 250 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட் போன்ற ஒரு கோல் அதனுடன் இருந்தது. கோலை வீசினால் டென்னிஸ் மட்டை. சுழற்றி விட்டால் பந்துருட்டும் கை. கோலினுள் ஆக்சிலரோமீட்டர் என்னும் சிறு சில்லு உண்டு. அது வேகத்தில் நிகழும் மாற்றத்தை முப்புறத்திலும் அளந்து, கை எப்பக்கம் எவ்வளவு விசையோடு சென்றது என்று பெட்டிக்குச் சொல்லும்.

தொலைக்காட்சியின் மேல் வைக்கும் மெல்லிய பட்டையைப் பலர் 'உணர்விப் பட்டை' என்றனர். உண்மையில் அப்பட்டை எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு ஒளி உமிழும் விளக்குகள் மட்டுமே உள. அவற்றைக் காணும் சிறு கண் கோலின் நுனியில் இருக்கிறது. அவ்விரு புள்ளிகளைக் கொண்டு, தான் திரையின் எப்பகுதியை நோக்கி நிற்கிறது என்பதைக் கோல் கணித்துக்கொள்ளும். பட்டை பழுதானபோது இரு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தே சிலர் விளையாடினர். சுடரும் அகச்சிவப்புக் கதிரை உமிழ்வதால் கோல் அதனையும் ஏற்றுக்கொண்டது. (தீ விபத்துக்கு இடமுள்ள செயலாதலால், சிறுவர் இதனைச் செய்து பார்த்தலாகாது.)

இக்கோலோடு 'வீ ஸ்போர்ட்ஸ்' என்னும் விளையாட்டையும் சேர்த்துத் தருவதா என்பதில் நிறுவனத்துக்குள்ளேயே வாதம் எழுந்தது. அமெரிக்கக் கிளையின் தலைவராயிருந்த ரெஜி ஃபீஸ்-அமே சேர்த்துத் தர வேண்டுமென்றார். விளையாட்டுகளைப் படைக்கும் ஷிகெரு மியாமோட்டோவோ, அரிதின் உழைத்துச் செய்ததை இலவசமாக அளிக்க இசையவில்லை. இவ்வாதத்தை ஃபீஸ்-அமே 2022இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் விவரித்திருக்கிறார். முடிவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளையாட்டு பெட்டியோடு சேர்ந்தே சென்றது. ஜப்பானில் தனியே விற்கப்பட்டது. வீ பெட்டி மொத்தம் 10 கோடியே 16 லட்சம் விற்றது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கட்டித் தந்தது கோலை மட்டுமன்று. கோல் எதற்கு என்பதை வாங்கிய அன்றே வீட்டார் அனைவருக்கும் விளக்கும் விளையாட்டையும் சேர்த்தே தந்தனர். கற்றுக்கொள்ள நூல் வேண்டா, ஆசிரியர் வேண்டா. பேரன் வீசுவதைப் பாட்டி பார்த்தார், தாமும் வீசினார். 2007ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் முதியோர் இல்லங்கள் பலவற்றில் வீ பந்துருட்டுப் போட்டிகள் நடைபெறலாயின. கனத்த பந்தைத் தூக்க இயலாத முதியோர், நாற்காலியில் அமர்ந்தவாறே கையை அசைத்து மகிழ்ந்தனர்.

இடர்களும் இல்லாமலில்லை. ஆர்வ மிகுதியில் வீசப்பட்ட கோல்கள் கையினின்று நழுவித் திரைகளை உடைத்தன. 2006 டிசம்பரிலேயே நிறுவனம் ஏறக்குறைய 32 லட்சம் மணிக்கட்டு வார்களை மாற்றித் தர முன்வந்தது. 2007இல் கோலுக்கு மெத்தென்ற உறையும் இலவசமாக அளித்தது.

உடற்பயிற்சி ஆகுமா?

பிள்ளை எழுந்து நின்று ஆடுகிறானே, அதுவே நன்மை அன்றோ என்று பெற்றோர் பலர் கருதினர். ஆராய்ந்தோர் கூறுவதைக் கேட்போம். 2007இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர ஆய்வாளர்கள், வீ ஸ்போர்ட்ஸ் ஆடிய சிறாரை அளந்து பார்த்தனர். அமர்ந்து ஆடும் விளையாட்டைவிட அதிக ஆற்றல் செலவாயிற்று. ஆனால் மைதானத்தில் உண்மையாகவே அவ்விளையாட்டை ஆடும்போது செலவாகும் ஆற்றலுக்கு அது ஈடாகவில்லை.

2012இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், 9 முதல் 12 வயது வரையுள்ள 78 சிறாரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அவர்கள் எல்லோருக்கும் வீ பெட்டி கொடுத்து, ஒரு சாராருக்கு உடலை அசைத்து ஆடுபவற்றையும், மறு சாராருக்கு அமர்ந்து ஆடுபவற்றையும் அளித்தனர். எவ்வளவு ஆட வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. 13 வாரங்கள் கழித்துப் பார்க்கையில், இரு சாராரின் அன்றாட உடலுழைப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை. கருவியை வீட்டில் வைத்துவிட்டால் மட்டும் பழக்கம் மாறிவிடாது என்பதே இதன் பாடம்.

பக்கவாத நோயாளிகளைப் பற்றிய ஆய்வு நம் சிந்தைக்கு மேலும் விருந்தாகும். கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் குழுவினர், பக்கவாதத்தால் கை தளர்ந்தோருக்கு வீ பயிற்சி அளித்துப் பார்த்தனர். 2010இல் 22 பேரைக் கொண்டு நடந்த சிறு சோதனை நம்பிக்கையூட்டியது. பின்னர் 141 பேரைக் கொண்டு பெரிதாக நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் 'லான்செட் நியூராலஜி' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. ஒரு சாரார் வீ ஆடினர். மறு சாரார் சீட்டாடினர், எண் சொல்லும் பிங்கோ ஆடினர், மரக்கட்டைகளை அடுக்கி ஆடினர். இரு சாராரும் முன்னேறினர். முன்னேற்றத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை.

ஆக, விலையுயர்ந்த கருவி செய்ததை ஒரு சீட்டுக் கட்டும் செய்தது. நோயுற்றவர் பொறுமையோடு தொடர்ந்து ஆடினார் என்பதே இரண்டிற்கும் பொதுவானது. கருவி இல்லாத இல்லங்கள் இதில் ஆறுதல் கொள்ளலாம்.

கூடத்தில் ஒரு கண்

இனி இரண்டாம் வரலாற்றுக்கு வருவோம். வீ பெட்டியின் வெற்றியைக் கண்ட மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கையில் எதுவுமே வேண்டா என்னும் வழியை நாடியது. 2010 நவம்பர் 4ஆம் நாள் தனது எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்குத் துணையாக 'கினெக்ட்' என்னும் கருவியைத் தனியேயும் பெட்டியுடனும் விற்கலாயிற்று. அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுதும் தெளிக்கும். அப்புள்ளிக்கோலம் எவ்வாறு சிதைகிறது என்பதை ஒரு கேமரா கண்டு, எப்பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அறியும். அதனின்று மனித உருவைப் பிரித்து, தோள், முழங்கை, முழங்கால் என மூட்டுகளை இனங்காணும். இதன் அடிப்படையை அமைத்தது இஸ்ரேல் நாட்டின் 'பிரைம்சென்ஸ்' என்னும் நிறுவனம்.

முதல் 60 நாட்களில் 80 லட்சம் கினெக்ட் விற்றுக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அறுவை மருத்துவர்கள், கையுறை அணிந்த கையால் எதையும் தொடாமலேயே நோயாளியின் ஊடுகதிர்ப் படங்களைத் திரையில் புரட்டிப் பார்க்கவும் இதனைப் பயன்படுத்தினர். வேண்டியவர் வாங்கினர், வேண்டாதவர் விட்டனர். ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

2013ஆம் ஆண்டில் நிலை மாறியது. அடுத்த தலைமுறைப் பெட்டியான 'எக்ஸ்பாக்ஸ் ஒன்'னை மே 21ஆம் நாள் அறிவித்த நிறுவனம், புதிய கினெக்டை ஒவ்வொரு பெட்டியோடும் கட்டியே விற்கும் என்றது. கினெக்ட் இணைக்கப்பட்டிருந்தாலன்றிப் பெட்டி இயங்காது என்றும் கூறிற்று. பெட்டி உறங்கும் வேளையிலும், குரல் கொடுத்தால் விழித்தெழும் பொருட்டு அதன் செவி திறந்திருக்கும்.

மக்கள் மூன்று காரணங்களால் முகஞ்சுளித்தனர்.

முதலாவது, விலை. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர். கேமராவைத் தனியே விற்ற சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 4 பெட்டியோ 399 டாலர். நூறு டாலர் வேறுபாட்டைக் குடும்பத் தலைவர் எவரும் எளிதில் கடந்துபோகார்.

இரண்டாவது, இடம். முதல் கினெக்டின் முன்னே ஒருவர் ஆட ஏறக்குறைய ஆறு அடியும், இருவர் ஆட எட்டு அடியும் வெற்றிடம் வேண்டியிருந்தது. புதியது சற்றுக் குறைந்த இடத்தில் இயங்கினும், கட்டிலும் மேசையும் நெருங்கிய சிறு அறைகளில் வாழ்வோருக்கு அது ஏற்றதாகத் தோன்றவில்லை. பெரிய மாளிகையில் உள்ளவருக்கும் ஓரறைக் குடியிருப்பில் உள்ளவருக்கும் ஒரே கருவியைக் கட்டாயமாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவது, அச்சம். ஜெர்மனியின் அந்நாளைய தகவல் பாதுகாப்பு ஆணையர் பீட்டர் ஷார், இது வீட்டினுள் கண்காணிப்புக் கருவியாகிவிடும் என்று எச்சரித்தார். அடுத்த மாதமே, அமெரிக்க உளவுத் துறை இணைய நிறுவனங்கள் வாயிலாகத் தகவல் திரட்டி வந்ததை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அந்த ஆவணங்களில் மைக்ரோசாஃப்ட்டின் பெயரும் இருந்தது. தன் கணினிகளுள் அரசு நேரடியாக நுழைய இடமில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆயினும் குழந்தைகள் ஓடியாடும் கூடத்தில், மூட இயலாத கண் ஒன்றை வைக்க மக்கள் மனம் ஒப்பவில்லை.

நிறுவனம் படிப்படியாக இறங்கி வந்தது. 2013 ஆகஸ்டில், கினெக்டைக் கழற்றி வைத்தாலும் பெட்டி இயங்கும் என்றது. நவம்பர் 22ஆம் நாள் பெட்டி விற்பனைக்கு வந்தபோது கினெக்ட் உடனிருந்தது. 2014 ஜூன் 9ஆம் நாள் முதல் கினெக்ட் இல்லாத பெட்டியை 399 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அம்மாதம் அமெரிக்காவில் விற்பனை முந்தைய மாதத்தைவிட இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததென நிறுவனமே அறிவித்தது. கினெக்டுக்கென ஒதுக்கிவைத்திருந்த படம் வரையும் திறனில் பத்திலொரு பங்கு வரை விளையாட்டு எழுதுவோருக்குத் திரும்பக் கிடைத்ததும் அப்போதுதான். வேண்டாத துணைப்பொருள் பணத்தை மட்டுமன்றிப் பெட்டியின் வலிமையையும் உண்டு வந்தது என்பது இதனால் புலனாயிற்று.

கட்டு அவிழ்ந்ததும் பழைய சிக்கல் மீண்டது. எல்லோரிடமும் கினெக்ட் இருக்கும் என்னும் உறுதி போயிற்று. அதற்கென எழுதுவோரும் அருகினர். கட்டாயத்தை நம்பிக் கினெக்டுக்கென விளையாட்டுகளை எழுதிவந்த சிறு குழுக்களுக்கு இது பெரும் இழப்பே. 2017 அக்டோபரில் கினெக்ட் உற்பத்தி நின்றுவிட்டதென அறிவிக்கப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013இல் ஆப்பிள் வாங்கிற்று. 2017இல் ஆப்பிள் வெளியிட்ட கைப்பேசி, உரியவரின் முகத்தின்மேல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து, அவரை இனங்கண்டு திறந்தது. கூடத்தில் வேண்டாமென்று தள்ளிய கண்ணை, நாம் சட்டைப்பையில் விரும்பி ஏற்றுக்கொண்டோம். இதனையும் பெற்றோர் சிந்தித்தல் நலம்.

விரல் தொடும் திரை

தொடுகையின் கதை சற்று வேறுபட்டது. 2004 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட 'டி.எஸ்.' என்னும் கையடக்கப் பெட்டியில் இரு திரைகள். கீழ்த்திரை சிறு கோல் கொண்டு தொடத் தக்கது. தொடுதிரைக் கைப்பேசிகள் பரவுமுன் வந்தது இது. 2005இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூத்தா கவாஷிமாவின் வழிகாட்டலில் அமைந்த கணக்கு, வாசிப்புப் பயிற்சி விளையாட்டு முதியோரையும் ஈர்த்தது. பெட்டியைப் புத்தகம்போல் பிடித்து, எண்ணைத் திரையில் எழுதினால் போதும். டி.எஸ். குடும்பம் 15 கோடியே 40 லட்சம் விற்றது.

ஆனால் அதே நிறுவனம் 2012 நவம்பரில் 'வீ யூ' என்னும் பெட்டியோடு 6.2 அங்குலத் தொடுதிரை பதித்த பெரிய கைப்பலகையைக் கட்டித் தந்தபோது, விற்றது 1 கோடியே 35 லட்சம் மட்டுமே. அது புதிய பெட்டியா, பழைய வீ பெட்டிக்குத் துணைக்கருவியா என்பதே பலருக்கு விளங்கவில்லை. மேலும், ஒரு பெட்டிக்கு ஒரு பலகையே. ஒருவர் தம் கையிலுள்ள திரையில் ஆழ்ந்திருக்க, மற்றவர் தொலைக்காட்சியைப் பார்த்திருந்தனர். முன்பு வீட்டார் அனைவரையும் ஒரே திரையின்முன் நிறுத்திய நிறுவனம், இம்முறை ஒருவரைப் பிரித்து உட்காரவைத்தது.

சோனி 2013இல் தன் கைப்பிடியில் பதித்த தொடுபலகை யாரையும் வருத்தவில்லை, பெரிதாக உதவவுமில்லை. பெரும்பாலான விளையாட்டுகள் அதனை மற்றொரு பொத்தானாகவே கையாண்டன. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, புதிய கைப்பிடியின் அசைவு, அதிர்வு, தொடுகை ஆகியவற்றை உணர்த்தும் சிறு விளையாட்டு ஒன்றைப் பெட்டியிலேயே இலவசமாகச் சேர்த்து அளித்தனர். அதுவே சரியான முறை எனலாம். 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2' பெட்டியைப் பாருங்கள்: அதன் கேமரா தனியே விற்கப்படுகிறது, இது விவேகம். ஆனால் பெட்டியின் புதிய திறன்களை விளக்கும் சுற்றுலா போன்ற விளையாட்டுக்கும் தனிக் கட்டணம் வைத்தனர். விருந்துக்கு அழைத்துவிட்டு இலைக்குக் காசு கேட்பது போன்றதே அது.

மூன்றாம் வழி

கட்டாயமும் வேண்டா, தனிமையும் வேண்டா என்னும் நடுவழியொன்றும் உண்டு. கருவியைப் பெட்டியோடு கட்டாமல், அது தேவைப்படும் விளையாட்டோடு கட்டுதல் அவ்வழி. 2007 டிசம்பரில் ஜப்பானில் வந்த 'வீ ஃபிட்' பயிற்சி விளையாட்டு, ஏறி நிற்கும் பலகையோடு விற்கப்பட்டு 2 கோடியே 26 லட்சம் இல்லங்களை அடைந்தது. 2019இல் வந்த 'ரிங் ஃபிட்' விளையாட்டு, கையால் அழுத்தும் வளையத்தோடும் காலில் கட்டும் பட்டையோடும் விற்கப்பட்டு ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. வேண்டுவோர் கருவியைப் பெற்றனர். வேண்டாதோர் அதற்கெனப் பணம் இழக்கவில்லை. எழுதியவர்க்கும், தம் விளையாட்டை வாங்கும் ஒவ்வொருவரிடமும் கருவி இருக்கும் என்னும் உறுதி கிடைத்தது.

மறக்கலாகாத ஒரு சாரார் உண்டு. கையை வீச இயலாதோர், எழுந்து நிற்க இயலாதோர், நடுக்கமுற்ற விரலையுடையோர் ஆகியோரே அவர். நாற்காலியில் அமர்ந்த முதியவருக்குக் கதவைத் திறந்த அதே அசைவுக் கருவி, தோளை அசைக்க இயலாத சிறுவனுக்குக் கதவை அடைத்தது. கோலைக் குலுக்கினாலன்றி விளையாட்டு நகராது என்று அமைத்துவிட்டால், அவன் ஓரமாக நின்று பார்க்க வேண்டியவனாகிறான். கினெக்டைக் கட்டாயமாக்கிப் பின்வாங்கிய அதே மைக்ரோசாஃப்ட் நிறுவனம், 2018இல் இத்தகையோருக்கென ஒரு தனிக் கைப்பிடியை ஏறக்குறைய 100 டாலருக்கு வெளியிட்டது. பெரிய இரு பொத்தான்களும், காலாலோ தலையாலோ வாயாலோ இயக்கத் தக்க வேறு கருவிகளைச் செருகும் துளைகளும் அதில் உண்டு. எல்லோருக்கும் ஒரே அசைவைக் கட்டாயமாக்குவதற்கு நேர் எதிரான வழி இது. அவரவர் இயல்புக்குக் கருவி இணங்குகிறது.

பெற்றோர்க்குச் சில வார்த்தைகள்

பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி இத்தகைய பெட்டி வாங்க எண்ணும் பெற்றோர், கடையில் நின்று மூன்று வினாக்களைக் கேட்பாராக.

ஒன்று: உடன் வரும் கருவியைக் கொண்டு, இன்று மாலையே வீட்டார் அனைவரும் சேர்ந்து ஆட ஏதேனும் விளையாட்டு பெட்டியினுள் உண்டா, அன்றி அதனையும் தனியே வாங்க வேண்டுமா? தனியே வாங்க வேண்டுமெனில் அதன் விலையையும் கூட்டியே கணக்கிடுக.

இரண்டு: அக்கருவிக்குக் கண்ணும் செவியும் உண்டா? உண்டெனில், அவற்றை மூடவோ கழற்றவோ முடியுமா? கழற்றிய பின்னும் பெட்டி இயங்குமா? மூட முடியாத கண்ணைக் கூடத்திலோ பிள்ளைகள் உறங்கும் அறையிலோ வைத்தல் தகாது.

மூன்று: நம் வீட்டிலுள்ள முதியவரோ உடல் நலிந்தவரோ இதில் சேர முடியுமா? அவருக்கென அசைவுக்கு மாற்றாகப் பொத்தானைப் பயன்படுத்தும் வழி அமைப்புகளில் உண்டா?

இவற்றோடு, கூடத்தின் நீளத்தையும் அடிக்கணக்கில் அளந்து செல்வது நன்று. கைப்பிடிக்கு வார் இருப்பின், அதனை மணிக்கட்டில் மாட்டாமல் எவரும் ஆடலாகாது என்பது வீட்டு விதியாக இருக்கட்டும். பெட்டியை வாங்கிவிட்டதால் பிள்ளை உடற்பயிற்சி செய்துவிட்டான் என்று அமைதி கொள்ளற்க. மாலை வெயில் தணிந்ததும் அவனை வெளியே அனுப்புக.

பெட்டி வாங்க வசதியில்லையே என்று வருந்தும் இல்லங்களுக்கும் ஒரு சொல். பக்கவாதத்தால் தளர்ந்த கைகளுக்கு உலகப் புகழ்பெற்ற பெட்டியும் பழைய சீட்டுக் கட்டும் ஒரே பயனைத் தந்தன என்று கண்டோம். தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இன்னும் நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து, வீட்டிலுள்ள மூத்தவரின் எதிரே ஒரு பிள்ளையை அமரச் செய்யுங்கள். அவர்களோடு நீங்களும் ஒரு நாழிகை உட்காருங்கள்.